கரிக்காளி விட்ட கரண்டு

செருப்ப வாசல்லயே கழத்திட்டு வாங்க தம்பி. ஆமா, ஒடைக்கப்போற பாய்லர்தான், பழைய இரும்புதான். இருந்தாலும் கழத்துங்க. இன்னைக்கு ஆயுத பூஜ.

நீங்கதான் இரும்புக் காண்ட்ராக்டர் அனுப்புன சூப்பர்வைசரா? மதுரையில இருந்தே கார் ஓட்டிட்டு வந்தியளா? சாவிய இப்படிக் குடுங்க. சும்மா சந்தனம் வைக்கத்தான், நான் என்ன திங்கவா போறேன். இந்தா, வச்சாச்சு. காருக்கும் நல்லது, ஒங்களுக்கும் நல்லது.

இப்பம் கேளுங்க. ஒங்க ஆளுவ ஏன் வேலைய ஆரம்பிக்காம வட்டமா உக்காந்து பொரி தின்னுதானுவன்னு கேக்கிய. நியாயமான கேள்வி. நான்தான் உக்கார வச்சேன். கேஸ் கட்டர், சிலிண்டரு, சம்மட்டி, கடப்பாரை எல்லாம் அந்தா, அம்மன் முன்னால இருக்கு. பொட்டு வச்சு, பூ போட்டு, சூடம் காமிச்சாச்சு. இனி நாளைக்குக் காலையில தேங்கா ஒடச்சுத்தான் எடுக்கணும். ஒங்க ஆளுவளும் சாமி பயம் உள்ள பயலுவ, தொட மாட்டேன்னுட்டானுவ. பெத்தவுக நல்லா வளத்திருக்காவ.

சத்தம் போடாதிய தம்பி. அம்மனுக்கு ஆவாது. டர்பைன் ஓடுனப்ப அந்தக் கூப்பாட்டுலயே இருந்தவதான், ஒரு வருஷமா அமைதி பழகிட்டா. உக்காருங்க. ஏன் இவ்வளவு கறாரா இருக்கேன்னு ஒங்களுக்குச் சொன்னாத்தான் புரியும். நான் நயினாரு. இங்க ஃபோர்மேன். இப்பம் வாச்மேன்னு சொல்லுதாவ, அது பேப்பர்ல. ஃபோர்மேன் எங்க போயிருவான்?

இது கவர்மெண்டு மின் நிலையம்னு நெனச்சிராதிய. கம்பேனிக்காரனோடதும் கெடையாது. முத்தாலங்கரை நகராட்சிக்குச் சொந்தம். ஊருக்குச் சொந்தம்! குப்பை அள்ளுதது, தண்ணி தொறந்து விடுதது, கரண்டு விடுதது, மூணும் ஒரே ஆபீசு. எங்க ஊர்க்காரன் வெளியூருக்குப் பொண்ணு பாக்கப் போனா, பேரு என்ன, படிப்பு என்னன்னு கேக்கதுக்கு முன்னாலயே, 'எங்க ஊர்க் கரண்ட நாங்களே போட்டுக்கிடுதோம்'னு ஆரம்பிச்சிருவான். பொண்ணு வீட்டுக்காரன் கொஞ்சம் நிமுந்து உக்காருவான்.

நகராட்சி நடத்துனா எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்கே தெரியும். கரி தீந்துச்சுன்னா கவுன்சில் கூட்டத்துல தீர்மானம் போட்டுத்தான் வாங்கணும். ஒருக்க தெருநாய் பிடிக்குத தீர்மானத்துல சண்ட வந்து கூட்டம் கலைஞ்சு போச்சு. கரித் தீர்மானம் அதுக்கு அடுத்தது. நாய்க்கு ஒரு வழி பண்ணாம கரிக்கு வர முடியாதுன்னுட்டாவ. அந்த வாரம் பூரா நாங்க கரிக் களத்தப் பெருக்கி, கரித் தூசிய அள்ளிப் போட்டு ஓட்டினோம். இன்னொருக்க ஒரு கவுன்சிலரு வந்து, 'பொகை எங்க வார்டு பக்கமா வருது, எதுத்த கட்சிக்காரன் வார்டு பக்கம் திருப்பி விடும்யா'ன்னாரு. சரிங்கன்னேன். மறுநாள் காத்து தானாத் திரும்பிருச்சு. மனுசன் எனக்கு ஒரு தாரு வாழப்பழம் கொண்டாந்து குடுத்தாரு. நான் வேண்டாம்னா சொல்லுவேன்?

ஆனா ஓட்டுனோம் தம்பி. கரி கொண்டு போற பெல்ட்டு செத்துப் போயி எத்தனையோ காலம். புதுசு வாங்குத தீர்மானம் எந்த நாய்க்குப் பின்னால நிக்குதோ தெரியாது. நாங்க ஆளுவதான் தள்ளுவண்டியில கரிய ஏத்திக் கொண்டாந்து, ஷவலால அள்ளி அள்ளிப் போடுவோம். மூணு ஷிப்டு. தீவாளி, பொங்கல் கெடையாது. வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி வாசல்லயே வாளித் தண்ணியோட நிப்பா. கரி தீத்துன மொகத்தோட ஒரு நாளும் வாசப்படி ஏறுனதில்ல. ஒரு நாளும் ஊர இருட்டாக்குனதுமில்ல.

அந்தா பாருங்க, மேக்கால ஒரு கம்பி வருது தெரியுதா? ஊருக்கு வெளிய கவர்மெண்டு ஒரு சப்ஸ்டேஷன் கட்டிச்சு. அங்க இருந்து நம்ம நெலயத்துக்கு ஒரு லைனு இழுத்து, நம்ம லைனோட சேத்து விட்டுட்டுப் போயிட்டாவ. மின்வாரியத்து லைனு, போர்டு லைனும்பாவ. அவசரத்துக்காம். அவசரம் வந்ததே இல்லையே! சும்மா காக்கா உக்காருததுக்குத்தான்.

இப்பம் அம்மனப் பாருங்க. நல்லா கிட்டக்கப் போயிப் பாருங்க. சிலைன்னு நெனச்சியளா? கரி! முழுக் கரிக்கட்டி. கப்பல்ல வந்த கரியில கெடந்துச்சு. வைரமணி, அவன்தான் இங்க கரி அள்ளுதவங்கள்ல மூத்தவன், ஒடைக்கணும்னு சம்மட்டிய ஓங்கி ஒரு போடு போட்டான். சம்மட்டிக் காம்பு முறிஞ்சு போச்சு. திருப்பிப் பாத்தா நெத்தி, மூக்கு, வாயி. எனக்கு ஒடம்பு பூரா புல்லரிச்சுப் போச்சு. அன்னைக்கே பாய்லருக்குப் பக்கத்துல உக்கார வச்சு, சிவப்புத் துணி கட்டி, கரிக்காளின்னு பேரு வச்சோம். அவளுக்கு முன்னால நின்னு கும்பிடாம ஒரு ஷிப்டும் ஏறாது. கரித் தட்டுப்பாடு வந்த சமயத்துல ஒரு பய அவள ஒரு மாதிரியாப் பாத்தான். தோல உரிச்சிருவேன்னேன்.

ஆங், விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் இதே சமயம் ஒரு பேச்சு கெளம்பிச்சு. நெலயத்த மூடிரலாம், கரி வாங்கிக் கட்டுப்படி ஆவலன்னு. சேர்மன் தங்கப்பழம்தான் ஆரம்பிச்சது. அவரு நல்ல மனுசன்தான், ஆனா அவரு வீட்டு மாடியில காயப்போட்ட வடகம் கறுத்துப் போச்சுன்னு அவரு சம்சாரம் தெனமும் பிடுங்கி எடுக்காவ. பூஜ முடிஞ்ச வாரம் வெள்ளிக்கெழம கவுன்சில் கூட்டம். மூடுததா வேண்டாமான்னு ஓட்டு.

ஆளுவ மொகத்துல ஈயாடல. நெலயத்த மூடுனா எங்கள எங்க தூக்கிப் போடுவான்? நகராட்சியில மிச்சம் இருக்குத வேல என்ன, நாய் பிடிக்குததுதான். வைரமணி பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி வச்சிருக்கான், மாப்பிள்ள வீட்டுல 'கரண்டாபீஸ்ல இருக்கேன்'னு சொல்லி. எங்க இஞ்சினியரம்மா எஸ்தரு, வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவுக, தங்கமான பிள்ள, அவங்க ராப்பகலா உக்காந்து கவுன்சில்ல பேசுததுக்கு எழுதிட்டு இருந்தாவ. கோடையில போர்டு லைனு தாங்காது, பொயலடிச்சா கம்பி அந்து போகும், நம்ம கையில ஒண்ணு இருக்கணும், அது இதுன்னு. நான் நெனச்சேன், இதெல்லாம் மனுச ஏற்பாடு. மேல இருந்தும் ஒரு கை வேணும்லா?

யோசிச்சுப் பாத்தேன். நம்ம நெலயத்துக்கு ஏன் இந்தக் கேடு வந்துச்சு? பளிச்சுன்னு பிடிபட்டுருச்சு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என்ன செய்வோம்? நெலயம் ஓடணுமேன்னு சாங்கியத்துக்கு ஒரே ஒரு ஷவலு, ஒரு ஸ்பேனரு, அதுவும் தேஞ்சது, அம்மன் முன்னால வப்போம். பாக்கி எல்லாம் ஓடிட்டே இருக்கும். ஊரு பூரா தையக்காரன் மெஷினுக்கு லீவு விடுதான், கசாப்புக்கடைக்காரன் கத்திய வச்சுக் கும்பிடுதான். நாங்க மட்டும் காளியவே ஏமாத்திட்டு இருந்திருக்கோம். அவ சும்மா இருப்பாளா?

எஸ்தரம்மா பூஜ லீவுக்கு அவங்க ஊருக்குப் போனாவ. போகும்போது, 'அண்ணாச்சி, ரெண்டு நாள் பாத்துக்கோங்க'ன்னாவ. பாத்துக்கிட்டேன். ஒண்ணு விடல தம்பி. ஷவலு பூரா, தள்ளுவண்டி பூரா, கரிக் கொட்டகைச் சாவி, அரிவாமனை வரைக்கும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு அம்மன் முன்னால அடுக்குனேன். பாக்கணுமே அந்த அழக! கண்ணு நெறஞ்சு போச்சு எனக்கு. பொரி, கடலை, சுண்டல், குங்குமம் தடவுன பூசணிக்கா ஒடச்சு, எல்லாரும் திருப்தியாக் கும்பிட்டோம்.

வெளக்கு வைக்குத நேரத்துக்கு வைரமணி தலையச் சொறிஞ்சுக்கிட்டே வந்தான். 'அண்ணாச்சி, நீராவி எறங்குது.'

'எறங்கட்டும்'னேன்.

'கரி போடணும்லா.'

'போடு.'

'ஷவலு அம்மன் முன்னால இருக்கு.'

'அப்பம் போடாத.'

அவன் முழிக்கான். 'பாய்லர் அணைஞ்சு போயிரும் அண்ணாச்சி. ஊரு இருட்டாயிரும்.'

'சாமி முன்னால வச்சத எடுத்தா கை வெளங்காமப் போயிரும். ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு எந்தக் கையால தாரை வாப்ப?'ன்னு கேட்டேன். அவன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டான். ஆனா எனக்கும் கண்ணு நீராவி மீட்டர விட்டு அகலல, பொய் சொல்லக் கூடாது. முள்ளு எறங்குது, எறங்குது. டர்பைன் முனங்கிக்கிட்டே வந்து, ஒரு பெருமூச்சு விட்டுட்டு நின்னு போச்சு. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அது நின்னு நான் கேட்டதில்ல. காது ரெண்டும் அடச்ச மாதிரி ஆயிருச்சு.

கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, 'தாயே, ஊரு இருட்டானா எஞ் சட்டையப் பிடிப்பானுவ, நீதான் பாத்துக்கிடணும்'னேன். மெல்லக் கண்ணத் தொறந்தா, என் தலைக்கு மேல பல்பு எரியுது! எந்திரிச்சு கேட்டுக்கு ஓடுனேன். தெரு பூரா வெளிச்சம். சினிமாக் கொட்டகையில வெளிச்சம். கோயில்ல சீரியல் செட்டு மயிலு தோகைய விரிச்சு விரிச்சு மூடுது. பாய்லர் இங்க ஆறிப்போயிக் கெடக்கு, ஒரு பிடி கரி போடல, ஊருல ஒரு பல்பு கண்ணச் சிமிட்டல தம்பி! நெடுஞ்சாங்கிடையா அவ கால்ல விழுந்தேன். அவளுக்குக் காலு கெடையாது, இருந்தாலும் விழுந்தேன்.

வைரமணி மெதுவா, 'போர்டு லைன்ல இருந்து வருதோ என்னமோ'ன்னான். இந்த மாதிரி ஆளுவளாலதான் நாடு உருப்படாமப் போவுது. கண்ணு முன்னால நடக்கு, கம்பியப் பாக்கான்.

மறுநாள் தேங்கா ஒடச்சு, ஷவல எடுத்துக் கரியப் போட ஆரம்பிச்சோம். எஸ்தரம்மா வந்தாவ. ஆறிப்போன பாய்லரத் தொட்டுப் பாத்தாவ. என்னப் பாத்தாவ. நான் நடந்தத ஒண்ணு விடாமச் சொன்னேன். அந்தப் பிள்ள அப்பிடியே கரிக் குமியல் மேல உக்காந்துருச்சு, வெள்ளச் சேலைன்னு கூடப் பாக்கல.

'அண்ணாச்சி, இது வேற யாருக்குத் தெரியும்?'

'இதுவரைக்கும் நமக்கு மட்டுந்தான்மா. ஊருக்கே சொல்லணும்!'

'கர்த்தரே'ன்னு நெஞ்சுல கைய வச்சாவ. 'அண்ணாச்சி, ஒங்க கால்ல வேணாலும் விழுதேன். வெள்ளிக்கெழம கூட்டம் முடியிற வரைக்கும் இதப்பத்தி வாயத் தொறக்காதிய.'

எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. அவங்க சாமி வேற, நம்ம சாமி மகிமையப் பொறுக்க முடியலயோன்னு நெனச்சேன். சே, தப்பா நெனைக்கக் கூடாது, முந்துன வருஷம் பூஜச் சுண்டல ரெண்டு தடவ வாங்கித் தின்ன பிள்ள. சரி, சொல்லலன்னேன்.

வெள்ளிக்கெழம கூட்டம். தொழிலாளி சார்பா ஒரு ஆளு வரலாம்னாவ, நான்தான் போனேன், இஸ்திரி போட்ட சட்டையில. எஸ்தரம்மா பேசுனாவ பாருங்க! நான் அப்பிடி ஒரு பேச்சக் கேட்டதில்ல. பொயலச் சொன்னாவ, ஆசுபத்திரியச் சொன்னாவ, பரீட்சைக்குப் படிக்குத பிள்ளைகளச் சொன்னாவ. கவுன்சிலருமாரு தலைய ஆட்ட ஆரம்பிச்சிட்டாவ. பொகையத் திருப்பச் சொன்னாருலா, அவரே ஆட்டுனாரு. சேர்மன் தங்கப்பழம் மட்டும் மடக்கி மடக்கிக் கேக்காரு. 'சரிம்மா. இன்னைக்கே நெலயம் நின்னு போச்சுன்னு வைங்க. ஊருக்கு என்ன ஆவும்?'

எஸ்தரம்மா என் பக்கம் பாக்காம, கையில இருந்த காகிதத்தப் பாத்தாவ. 'இருட்டாயிரும் சார்.'

என்னால தாங்க முடியல தம்பி. நீங்களா இருந்தாலும் தாங்கியிருக்க மாட்டிய. அம்மா இவ்வளவு பெரிய அற்புதம் பண்ணியிருக்கா, அதச் சொன்னா இந்த நெலயத்துல தெய்வம் குடியிருக்குன்னு தெரிஞ்சு ஒரு பய கைய வைப்பானா? அந்தப் பிள்ள விவரம் தெரியாம, கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது. விருட்டுன்னு எந்திரிச்சேன்.

'ஆகாது சார்! இருட்டாகாது! நான் சாட்சி!'

எஸ்தரம்மா திரும்பிப் பாத்தாவ. அந்தப் பார்வைய இன்னும் மறக்க முடியல. ஆனா நாக்கு நிக்கல. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். ஷவல அடுக்குனது, முள்ளு எறங்குனது, மயிலு தோகைய விரிச்சது. கூட்டம் பூரா அப்பிடியே வாயப் பொளந்துட்டுக் கேக்குது.

சேர்மன் எந்திரிச்சே நின்னுட்டாரு. 'நயினாரு, பாய்லர் முழுசா நின்னு போச்சா?'

'சுத்தமா, சார்.'

'விடிய விடியவா?'

'விடிய விடிய.'

'ஊருல கரண்டு போகவே இல்ல?'

'ஒரு செக்கண்டு போகல! அவ மகிம!'

சேர்மன் ரெண்டு கையையும் எடுத்து என்னப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. நானும் திருப்பிக் கும்பிட்டேன். பெறகு சபையப் பாத்து என்னமோ சொன்னாரு. மடமடன்னு எல்லாக் கவுன்சிலரும் கையத் தூக்குனாவ. ஆளும் கட்சி, எதுத்த கட்சி, வித்தியாசம் இல்லாம எல்லாக் கையும் மேல. இந்த ஊருல ஒரு விசயத்துக்கு எல்லாரும் ஒண்ணாக் கையத் தூக்கி நான் பாத்ததே இல்ல. ஆத்தா, ஒனக்கு இவ்வளவு பக்தரா இந்த நகராட்சியிலன்னு, நானும் ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பி, 'தாயே கரிக்காளி!'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன்.

என்ன சிரிக்கிய? ஆமா, மூடுததுக்குத் தூக்குன கைதான். எனக்கு என்ன தெரியும்? வெளிய வந்து வைரமணிய, 'ஜெயிச்சிட்டோம்லே!'ன்னு கட்டிப் பிடிச்சேன். அவனும் ஒரு பாக்கெட்டு மிட்டாய் வாங்கிட்டான். மிட்டாயத் தின்னு முடிக்கும்போதுதான் ஆபீஸ் பியூன் வந்து சொன்னான்.

வைரமணி இப்பம் நாய் வண்டியில இருக்கான். கல்யாணம் நடந்துச்சு, மாப்பிள்ள வீட்டுல நல்ல ஆளுவ. எஸ்தரம்மாவத் தெருலைட்டுக்கு மாத்திட்டாவ. கடைசி நாளு பாய்லர அணைக்க அவங்கதான் வந்தாவ. 'எம்மேல கோவமாம்மா?'ன்னு கேட்டேன். 'இல்ல அண்ணாச்சி. நீங்க பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்'னு சொல்லிட்டு, கரிக்காளி முன்னால ஒரு நிமிசம் நின்னுட்டுப் போனாவ. அழுத மாதிரி இருந்துச்சு. கரித் தூசியாவும் இருக்கலாம்.

எங்க தப்பு நடந்துச்சுன்னு நான் யோசிச்சு யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. மறுநாள் காலையில ஷவல எடுக்கும்போது ஒரு ஷவல்ல மட்டும் சந்தனம் கலைஞ்சிருந்துச்சு. எவனோ தொட்டிருக்கான். வைரமணியாத்தான் இருக்கும். அதான் அம்மன் கரண்டு விட்டா, கவுன்சில்ல ஓட்டு குடுக்கல. அதனாலதான் இந்த வருஷம் நான் இங்கயே உக்காந்திருக்கேன், ஒரு விரலு படாமப் பாத்துக்கிட.

எங்க எந்திரிக்கிய? காண்ட்ராக்டருக்குப் போன் போடணுமா? ஒங்க செல்லு எங்கன்னு தேடுதியளா? நீங்க கதை கேட்டுக்கிட்டே கீழ வச்சிய, நான் ஒரு பொட்டு வச்சேன். அதுவும் ஒரு ஆயுதந்தான? கார்ச் சாவியும் அங்கதான். நாளைக்குக் காலையில எடுத்துக்கிடலாம். கோவப்படாதிய, பாய் விரிச்சுத் தாரேன், எம் பொண்டாட்டி சோறு குடுத்து விடுவா.

என்ன சொன்னிய? 'அது போர்டு கரண்டுய்யா, இது கூடத் தெரியாதா'ங்கியளா?

எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. எஸ்தரம்மாவும் பெறகு ஒருநாள் படம் போட்டுக் காமிச்சாவ. அந்தக் கம்பி வந்த நாள்ல இருந்தே ஊரு அதுலதான் எரிஞ்சிருக்கும், நம்மளுது அது கூட ஒரு ஓரமாப் போயிச் சேந்திருக்கும்னாவ. நான் முட்டாளு இல்ல தம்பி, படம் போட்டாப் புரியும்.

ஆனா ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. அது போர்டு கரண்டுன்னா, கம்பி வந்ததுக்குப் பெறவு இத்தன வருசமா நாங்க மூணு ஷிப்டும் அள்ளிப் போட்ட கரி யாருக்கு? தீவாளிக்குப் புதுத்துணி உடுத்தாம அள்ளுனது யாருக்கு? எம் பொண்டாட்டி வாளித் தண்ணியோட நின்னாளே, அது யாருக்கு?

சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

சொல்ல முடியாதுலா? அதான் தம்பி, அவ மகிமதான். அப்பிடியே இருக்கட்டும். உக்காருங்க, இந்தாங்க பொரி. நாளைக்கு வெட்டிக்கிடலாம். இன்னைக்கு ஒரு நாளு நிக்கட்டும்.